தொகாச்சியின் மாடுகளும் ஒரு ராக்கெட்டும்

ஒபிஹிரோவை விட்டுத் தெற்கே 236-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறியதும் ஜப்பானைப் பற்றி நாம் மனத்தில் வைத்திருக்கும் படம் கலைந்துபோகிறது. நெருக்கியடித்த வீடுகள் இல்லை. மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் நெல் வயல்கள் இல்லை. இது ஹொக்கைடோ தீவின் தொகாச்சி சமவெளி. கண்ணுக்கு எட்டிய மட்டும் தட்டையான நிலம், நடுநடுவே காற்றைத் தடுக்க நட்ட லார்ச் மரங்களின் நீண்ட வரிசைகள். நான் போனது அக்டோபர் கடைசி. இலை உதிர்க்கும் முன் அந்த மரங்கள் முழுக்கப் பொன்மஞ்சளாக நின்றன. தோண்டி எடுத்த சர்க்கரைக் கிழங்கு சாலையோரத்தில் ஆள் உயரத்துக்குக் குவிந்து லாரிக்குக் காத்துக் கிடந்தது. காரின் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. உள்ளே வந்தது சாண வாடை.

"மூடிடவா சார்?" என்றார் வண்டி ஓட்டிய தம்பி. தேனிப் பக்கத்துக்காரர். ஒபிஹிரோவில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறார். இந்தப் பயணம் முழுக்க எனக்கு அவர்தான் வாய்.

வேண்டாம் என்றேன். அந்த வாடையைத் தேடித்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

2023 டிசம்பர் 7 அன்று, இந்தச் சாலையில் ஒரு மணி நேரம் போனால் வரும் தைகி என்ற சிற்றூரில், ஒரு ராக்கெட் எஞ்சினைச் சோதனைக்காகப் பத்து விநாடி எரித்தார்கள். அதில் எரிந்த மீத்தேன், இந்த வட்டாரத்துப் பால் பண்ணைகளின் சாணத்திலிருந்து எடுத்தது. என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி கோயம்புத்தூரில் சிறுதொழில் கடன் மேசையில் போனது. பம்பு செட், வார்ப்படம், லேத் பட்டறை, இவைதான் என் உலகம். அதனால் அந்தச் செய்தியைப் படித்ததும் இரண்டு கேள்விகள் சேர்ந்தே எழுந்தன. சாணம் எப்படி ராக்கெட் எரிபொருளாகிறது? அதைச் செய்யப் புறப்பட்ட சின்ன நிறுவனத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள்?

பண்ணைக்குள் உடனே விட்டுவிடவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஒரு வாரம் கழித்துத்தான் மாட்டுக் கொட்டகைக்குள் கால் வைக்கலாம் என்பது அங்கே நோய்த்தடுப்பு வழக்கம். கோமாரி நோய்க்கு அவ்வளவு பயம். அந்த வாரத்தை ஒபிஹிரோவில் கழித்தேன். பார இழுவைக் குதிரைகள் இரும்புச் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு மணல்மேடு ஏறும் பந்தயம் உலகத்திலேயே இந்த ஊரில்தான் நடக்கிறது, அதைப் பார்த்தேன். 1987-இல் மூடிவிட்ட ஹிரோ ரயில் பாதையில் 'மகிழ்ச்சி' என்று பெயர் கொண்ட ஒரு குட்டி நிலையம் பிழைத்திருக்கிறது. அதன் மரச்சுவர் தெரியாதபடி யாத்திரிகர்கள் இளஞ்சிவப்பு டிக்கெட்டுகளை ஒட்டிவைத்திருக்கிறார்கள். தைகிக்குப் போனதும் அந்தப் பாதைதான். ரயில் நின்றுபோன ஊரில் ராக்கெட் வந்திருக்கிறது.

ஒரு வாரம் கழிந்தபின், பூட்ஸைக் கிருமிநாசினித் தொட்டியில் நனைத்துவிட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தோம். மாடுகளைக் கட்டிப் போடவில்லை. தாமாக நடந்து தீவனத்துக்கும் படுக்கைக்கும் போய் வருகின்றன. நடைபாதை நெடுக ஒரு இரும்புப் பலகை மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்து சாணத்தை வழித்துக்கொண்டே போகிறது. மாடுகள் அதைப் பார்ப்பதுகூட இல்லை. கால் அருகில் வந்ததும் தூக்கித் தாண்டி வைக்கின்றன. சாணம் கடைசியில் ஒரு குழியில் விழுந்து, குழாய் வழியாகப் பெரிய கான்கிரீட் கலனுக்குப் போகிறது. ஒரு கறவை மாடு சாணமும் மூத்திரமுமாக நாளொன்றுக்கு 50, 60 கிலோ போடும். தொகாச்சியில் மனிதர்கள் மூன்று லட்சத்துச் சொச்சம். மாடுகள் நான்கு லட்சத்துக்கும் மேல். அந்தச் சாணத்தை என்ன செய்வது என்பது இந்த நாட்டுப்புறத்தின் தலையாய கவலை. வயலில் அப்படியே கொட்டினால் நாற்றம். மழையில் கரைந்து ஆற்றுக்குப் போகும். தைகியின் ரெகிஃபுனே ஆறு தெளிந்த தண்ணீருக்குப் பெயர் போனது. மணலை அரித்துப் பொன்துகள் தேடுகிறவர்கள் இன்றும் அதில் இறங்குகிறார்கள்.

கலனுக்குள் நடப்பது நம் ஊரில் கொல்லைப்புறத்துச் சாண எரிவாயுக் கலனில் நடப்பதுதான். காற்றுப் புகாமல் நொதிக்கிறது. வாயு எழுகிறது, அதில் ஏறக்குறைய 60 சதவீதம் மீத்தேன், மிச்சம் பெரும்பாலும் கரியமில வாயு, கொஞ்சம் அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்பைடு. வெளியே குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்குப் போகும் இடத்தில் கலனை உடம்புச் சூட்டுக்குச் சூடாக வைத்திருக்க வேண்டும் என்பதுதான் வித்தியாசம். நொதித்து மிஞ்சிய சாந்து வயலுக்கு உரம். பச்சைச் சாணத்தின் வீச்சம் அதில் இல்லை.

2012-இல் ஜப்பான் அரசு இப்படிப்பட்ட வாயுவில் எடுக்கும் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 39 யென் என்று 20 வருடத்துக்கு விலையை உறுதி செய்தது. பண்ணைகள் கலன் கட்டின. பிறகு ஒரு நாள் மின்வாரியக் கம்பியில் இடமில்லை என்றார்கள். மின்சாரம் எடுத்தாலும் அனுப்ப வழியில்லை. அப்படித்தான் வாயுவை வாயுவாகவே விற்கும் யோசனை பிறந்தது. கரியமில வாயுவை நீக்கி, மீத்தேனை மைனஸ் 160 டிகிரிக்குக் குளிர்வித்தால் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கித் திரவமாகிவிடும், டேங்கரில் ஏற்றிவிடலாம். ஏர் வாட்டர் என்ற தொழில் வாயு நிறுவனம் பண்ணைகளிலிருந்து வாயுவைச் சேகரித்து ஒபிஹிரோவில் அதைச் செய்கிறது. அந்தத் திரவம்தான் தைகி எஞ்சினில் எரிந்தது.

பண்ணைக்காரர் எழுபதை நெருங்கியவர். அவருக்கு ராக்கெட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாடுகளின் காதைக் காட்டினார். ஒவ்வொரு காதிலும் மஞ்சள் வில்லை, அதில் 10 இலக்க எண். பைத்தியமாட்டு நோய் 2001-இல் ஜப்பானுக்குள் வந்தபின், 2003-இல் வந்த சட்டம் அது. ஒரு மாடு எங்கே பிறந்தது, எந்தப் பண்ணைக்கு மாறியது, எப்போது அறுக்கப்பட்டது என்பதெல்லாம் அந்த எண்ணில் இருக்கிறது.

"வங்கிக்காரரும் இந்த நம்பரைத்தான் பார்ப்பார்" என்றார்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. கடன் மேசையில் சரக்கின் பேரில் கடன் கொடுப்போம். மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் வாங்கி, அதன்மேல் எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பை, டிராயிங் பவரை, போடுவோம். சரக்கு உண்மையில் கிடங்கில் இருக்கிறதா என்பதுதான் தீராத தலைவலி. 2005-இல் ஜப்பானில் அசையும் சொத்தின் மீதான ஈட்டைப் பதிவு செய்ய ஏற்பாடு வந்தது. அதன்பின் மாட்டு மந்தையையே ஈடாக வைத்துக் கடன் கொடுக்க முடிந்தது. மேய்கிற ஈடு, கன்று போடுகிற ஈடு. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் எண் இருக்கிறது, யாரும் மறைக்க முடியாது. கொட்டகையில் நின்று அந்த வில்லையைத் தொட்டுப் பார்த்தேன். இவ்வளவு நம்பகமான ஸ்டாக் ஸ்டேட்மெண்டை நான் வேலைக்காலத்தில் கண்டதில்லை.

தைகியில் சுமார் 5,400 பேர் வசிக்கிறார்கள். 1980-களின் நடுவிலிருந்தே 'விண்வெளி ஊர்' ஆக வேண்டும் என்று ஆசைப்பட்ட ஊர் அது. கிழக்கும் தெற்கும் திறந்த பசிபிக் கடல்; ராக்கெட் எந்தப் பக்கம் போனாலும் கீழே வீடு கிடையாது. வானமும் பெரும்பாலும் தெளிவு. 1995-இல் ஆயிரம் மீட்டர் ஓடுபாதை போட்டார்கள். அண்மையில் அதை 1,300 மீட்டருக்கு நீட்டியிருக்கிறார்கள். நெடுங்காலம் ஆராய்ச்சி விமானங்களும் அறிவியல் பலூன்களும்தான் பெரும்பாலும் வந்தன. ஆசைப்பட்டு முப்பது வருடம் கழித்துத்தான் விண்வெளியைக் குறிவைத்த ராக்கெட் வந்தது. ஊர் விடாமல் காத்திருந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. நம் ஊராட்சிகளில் ஒரு திட்டத்தை ஐந்து வருடம் பிடித்துவைத்திருப்பதே அபூர்வம்.

வந்த நிறுவனம் இன்டர்ஸ்டெல்லர் டெக்னாலஜிஸ். பொழுதுபோக்காக ராக்கெட் செய்துகொண்டிருந்த ஒரு குழுவிலிருந்து முளைத்தது. அவர்களுடைய முதல் ராக்கெட் மோமோ பத்து மீட்டர் உயரம், அரை மீட்டர் குறுக்களவு, எடை ஒரு டன். எரிபொருள் எத்தனால், கூடவே திரவ ஆக்சிஜன். 2017-இல் ஏவியது பாதி வழியில் தொடர்பை இழந்தது. 2018 ஜூனில் ஏவியது மேலே எழும்பிய சில விநாடியில் உந்துவிசை போய், ஏவிய மேடைமீதே விழுந்து எரிந்தது. 2019 மே 4 அன்று மூன்றாவது மோமோ 113 கிலோமீட்டர் உயரம் போய்க் கடலில் இறங்கியது. ஜப்பானில் ஒரு தனியார் தாமே உருவாக்கி விண்வெளியைத் தொட்ட முதல் ராக்கெட் அதுதான். அடுத்து வருவது ஜீரோ என்ற 32 மீட்டர் ராக்கெட். செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைப்பது அதன் வேலை. அதற்குத்தான் சாண மீத்தேன்.

ஏவுதளத்தைத் தூரத்திலிருந்துதான் பார்க்க முடிகிறது. புல்வெளிக்கு அப்பால் கட்டுமானக் கிரேன்கள், அதற்கு அப்பால் சாம்பல் நிறக் கடல். 2023 சோதனையின் படப்பதிவை ஊரின் விண்வெளி மையத்துக்கு வெளியே காரில் உட்கார்ந்து தம்பியின் கைபேசியில் மறுபடி பார்த்தோம். திறந்த கொட்டகை வாசலிலிருந்து பக்கவாட்டில் நீலமும் ஆரஞ்சுமாக ஒரு தழல் 10, 15 மீட்டர் நீளத்துக்குச் சீறுகிறது. எடுத்த இடம் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. காலையில் பார்த்த இரும்புப் பலகையும் அதன் முன்னே காலைத் தூக்கி வைத்த மாடும் நினைவுக்கு வந்து உடம்பு சிலிர்த்தது.

மீத்தேன் ஏன்? ராக்கெட் எரிபொருளில் தேர்வுகள் குறைவு. ஒவ்வொன்றிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. எடைக்கு எடை அதிகம் தள்ளுவது ஹைட்ரஜன். ஆனால் அதை மைனஸ் 253 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். லிட்டருக்கு 70 கிராம்தான் எடை என்பதால் தொட்டி பூதாகரமாகிவிடும். மண்ணெண்ணெய் அடர்த்தியானது, கையாளச் சுலபம். ஆனால் எரியும்போது கரி படிந்து எஞ்சினின் நுண்குழாய்களை அடைக்கிறது. ஹைட்ரசீன் வகை சாதாரண வெப்பத்திலேயே திரவமாக இருக்கும், தீப்பொறி இல்லாமலே பற்றும். ஆனால் கடும் விஷம். ஒவ்வொரு முறையும் முழு உடல் கவசம் போட்டுக்கொண்டுதான் நிரப்ப முடியும். மீத்தேன் நடுவில் நிற்கிறது. கரி குறைவு. மைனஸ் 161-இல் திரவம். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183. இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் அதிகப் பிணக்கில்லாமல் இருக்கும். 2023 ஜூலையில் சீனாவின் ஜுச்சுவே-2 மீத்தேனில் பறந்து சுற்றுப்பாதையை அடைந்த முதல் ராக்கெட் ஆனது. நிலத்தடி இயற்கை வாயுவில் ஈத்தேன், புரொப்பேன் எல்லாம் கலந்திருக்கும். கலவையின் அளவும் ஊருக்கு ஊர் மாறும். சாண வாயுவில் அவை கிடையாது. கரியமில வாயுவை நீக்கிவிட்டால் கிட்டத்தட்டத் தூய மீத்தேன். எஞ்சின் வடிவமைப்பவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எரிகிற எரிபொருள் வேண்டும். மாடு அதைக் கொடுத்துவிடுகிறது.

அன்று மாலை ஒபிஹிரோவில் ஒரு காப்பிக் கடையில், ஷின்கின் வங்கி ஒன்றில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவரைச் சந்தித்தேன். தம்பியின் பேராசிரியருக்குத் தெரிந்தவர். நானும் அந்த மேசைக்காரன் என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஷின்கின் என்பது 1951-ஆம் வருடத்துச் சட்டத்தின் கீழ் இயங்கும் கூட்டுறவு வங்கி. நாடு முழுக்க 250-க்கும் மேல் இருக்கின்றன. தன் வட்டாரத்தை விட்டு வெளியே கடன் கொடுக்க முடியாது, பெரும்பாலும் உறுப்பினருக்குத்தான் கொடுக்கலாம். 300 பேருக்கு மேல் வேலை செய்து, 90 கோடி யென்னுக்கு மேல் மூலதனமும் இருந்தால் உறுப்பினராக முடியாது. அதாவது, கடன் வாங்கியவன் பெரியவனாகிவிட்டால் வங்கி அவனை வழியனுப்பி வைக்கிறது. வட்டாரம் நொடித்தால் வங்கியும் நொடிக்கும்; ஓடிப்போக இடமில்லை.

"பண்ணைக்குக் கடன் கேட்டு வந்தால் எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"கணக்குப் புத்தகத்தைக் கடைசியில் பார்ப்பேன். முதலில் மாட்டின் குளம்பு. குளம்பைச் சரியாக வெட்டி வைத்திருந்தால் வீட்டில் சண்டை இல்லை, கையில் ஆள் இருக்கிறது, கடன்காரன் துரத்தவில்லை என்று பொருள். நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்?"

"லேத்துக்குக் கீழே கிடக்கும் இரும்புச் சீவலை" என்றேன். பளபளப்பாக இருந்தால் ஓடுகிற பட்டறை. துருவேறியிருந்தால் வேலை நின்று நாளாகிறது. அவர் சிரித்துத் தலையாட்டினார்.

பிறகு நான் ராக்கெட்டுக்கு வந்தேன். அவர் காகித நாப்கினில் ஒரு கணக்குப் போட்டார். இரண்டு சதவீத வட்டிக்கு ஐம்பது பேருக்கு ஆளுக்கு ஒரே தொகை கொடுத்தால் வருட வட்டி மொத்தமும் சேர்ந்து ஒருவரின் அசலுக்குச் சமம். ஒருவர் போய்விட்டால் மற்ற நாற்பத்தொன்பது பேரும் ஒரு வருடம் கட்டியது போச்சு. ராக்கெட்டில் முதல் இரண்டும் விழுந்தன. கடன் கொடுத்தவனுக்கு மூன்றாவது வெற்றி பெற்றாலும் அதே இரண்டு சதவீதம்தான். ஆகவே விழுகிற ராக்கெட்டைக் கடன் தாங்காது. அது டெபாசிட் போட்ட பால்காரரின் பணம்.

இதில் எனக்கு முழு உடன்பாடு. மோமோவுக்குப் பணம் வந்த வழியும் அதைத்தான் காட்டுகிறது. பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள், ராக்கெட்டுக்குப் பெயரிடும் உரிமையை விற்றார்கள், பங்கு முதலீடு வாங்கினார்கள். ஜீரோவுக்கு 2023-இல் ஜப்பானின் கல்வி, அறிவியல் அமைச்சகம் 200 கோடி யென் வரையிலும், அடுத்த கட்டமாக 2024-இல் 463 கோடி யென் வரையிலும் மானியம் ஒதுக்கியது. 2025 ஜனவரியில் டொயோட்டா குழுமத்தின் வுவன் பை டொயோட்டா சுமார் 700 கோடி யென் முதலீடு செய்வதாக அறிவித்தது. இவையெல்லாம் போனால் போகட்டும் என்று போடக்கூடிய பணம்.

ஆனால் பேச்சு அங்கே முடியவில்லை. ராக்கெட்டைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கிறதே? கலன் கட்டும் பண்ணை, குளிர்க் குழாய்க்கு உறை போடுகிறவர், வால்வு கடைகிற பட்டறை, ஏவுதளத்துக்கு மண் வெட்டும் ஒப்பந்தக்காரர், வேலைக்கு வந்தவர்களுக்கு அறை கொடுக்கும் விடுதி. இவர்களுக்கு ஆர்டர் இருக்கிறது, வேறு வாடிக்கையாளரும் உண்டு. ராக்கெட் விழுந்தாலும் இவர்கள் விழமாட்டார்கள். வங்கி நிற்க வேண்டிய இடம் இது. சாண மீத்தேனிலும் ராக்கெட் குடிப்பது துளி. தொழிற்சாலைக் கொதிகலனும் லாரியும் வாங்கினால்தான் குளிர்விக்கும் ஆலை நிலைக்கும். ராக்கெட்டின் பெயரைக் கேட்டு மயங்கிக் கடன் கொடுத்தாலும் தவறு, ராக்கெட் என்ற சொல்லைக் கேட்டு மிரண்டு வால்வுக்காரரைத் திருப்பி அனுப்பினாலும் தவறு.

ஜப்பானியர்களுக்கு இந்த இரண்டாவது தவறு நன்றாகத் தெரியும். இகெய்தோ ஜுன் எழுதிய 'ஷிதமாச்சி ராக்கெட்' நாவலின் மையமே அதுதான். தோக்கியோவின் ஓதா வட்டாரத்தில் ஒரு சின்னத் தொழிற்சாலை ராக்கெட் எஞ்சினுக்கு வால்வு உருவாக்குகிறது, வழக்கில் மாட்டிக்கொள்கிறது, வழக்கமான வங்கி கையை விரிக்கிறது. 2011-இல் நாவோகி பரிசு பெற்றது. தொலைக்காட்சித் தொடராகவும் வந்து நாடே பார்த்தது. எழுதியவர் மிட்சுபிஷி வங்கியில் வேலை பார்த்தவர். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்தான் அந்தப் பக்கத்து வேதனையை அப்படி எழுத முடியும்.

அந்தப் பக்கத்து வேதனையில் பெரும்பங்கு சொந்த ஜாமீன். ஜப்பானில் 51 கடன் உத்தரவாதச் சங்கங்கள் இருக்கின்றன. சிறுதொழில் கடன் வாராமல் போனால் பொதுவாக 80 சதவீதத்தை வங்கிக்குக் கட்டிவிடும். ஆனால் அதோடு கடன் தீராது. சங்கம் தொழில்முனைவரிடம் வசூலிக்க வரும். முதலாளி எழுதிக் கொடுத்த சொந்த ஜாமீனால் வீடும் சேர்ந்து போகும். 2014-இல் நடைமுறைக்கு வந்த வழிகாட்டு நெறிகள் அதைத் தளர்த்தத் தொடங்கின. 2023-இல் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்குச் சொந்த ஜாமீன் இல்லாத உத்தரவாதம் வந்தது. 2024 ஜூனில் ஒரு சட்டம் நிறைவேறியது. நிலம், எந்திரம் என்று தனித்தனியே அடமானம் வைக்காமல், காப்புரிமை, வாடிக்கையாளர், நாளை வரப்போகும் வருமானம் எல்லாம் சேர்ந்த முழுத் தொழிலையுமே ஈடாக ஏற்க வழி செய்கிறது அது.

நம் நாட்டிலும் சிறுதொழில் கடன் உத்தரவாத நிதியம் 2000-இலேயே வந்துவிட்டது. 10 லட்சம் ரூபாய் வரை குறுந்தொழிலிடம் ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-இல் உத்தரவிட்டது. இருந்தும் "பத்திரம் கொண்டு வாங்க" என்ற வாக்கியம் கிளைகளில் ஓயவில்லை. மேலதிகாரி கேட்பார், ஆடிட்டர் கேட்பார் என்ற பயத்தில் கை தானாகப் பத்திரத்தைத் தேடும். அப்பன் நிலம் வைத்திருந்த பிள்ளைக்குக் கடன், கை வேலை மட்டும் தெரிந்த பிள்ளைக்கு அடுத்த வாரம் வா. அதைப் பார்த்துப் பார்த்து மனம் கசந்தவன் நான். ஒபிஹிரோக்காரரும் தம் இளமைக்காலத்தில் அதே கதைதான் என்றார்.

ராக்கெட் செய்யும் இன்னொரு பட்டறையைப் பார்க்க மறுநாள் மேற்கே கிளம்பினோம். தொகாச்சியிலிருந்து ஃபுரானோவுக்குப் போகும் ரயில் பாதையை 2024 மார்ச்சோடு நிறுத்திவிட்டார்கள். காரில் கரிகாச்சி கணவாயைக் கடந்து அகாபிரா போய்ச் சேர்ந்தோம். நிலக்கரி ஊர். 1960-இல் 59,000 பேர் இருந்தார்கள். கடைசிச் சுரங்கம் 1994-இல் மூடியது. இன்று பத்தாயிரம் பேர்கூட இல்லை. பாதி வீதிகளில் சன்னல்களுக்குப் பலகை அடித்திருக்கிறது.

அந்த ஊரில்தான் உவெமாத்சு மின்தொழிற்சாலை இருக்கிறது. பழைய கட்டட இடிபாடுகளிலிருந்து இரும்பைப் பிரித்தெடுக்கும் மின்காந்தங்களைச் செய்வது அதன் தொழில். 2004-இல் அதன் தலைவர் உவெமாத்சு சுதோமு, ஹொக்கைடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் நகாதா ஹருனோரியைச் சந்தித்தார். நகாதா காமுயி என்ற ராக்கெட்டை வடிவமைத்துக்கொண்டிருந்தார். செய்து கொடுக்க ஆள் இல்லை. உவெமாத்சு செய்தார்.

காமுயியின் எரிபொருள் பாலித்தீன். பால் கேனும் குடமும் செய்கிற அதே பிளாஸ்டிக். கனமான உருளைக் கட்டிகளாக அதைச் செய்து, துளையிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, துளை வழியே திரவ ஆக்சிஜனைப் பாய்ச்சிப் பற்றவைக்கிறார்கள். ஒரு கட்டியின் துளையில் வரும் தழல் அடுத்த கட்டியின் முகத்தில் போய் மோதுகிறது. அப்படி மோதினால்தான் பிளாஸ்டிக் ராக்கெட்டுக்குத் தேவையான வேகத்தில் எரியும். ஆக்சிஜன் இல்லாதபோது அந்தக் கட்டி வெறும் பிளாஸ்டிக். மேசைமேல் வைக்கலாம், லாரியில் ஏற்றலாம், குழந்தை கையில் கொடுக்கலாம்.

இந்த இடத்தில்தான் என்னுடைய இரண்டு கேள்விகளும் ஒன்றாகின. திட எரிபொருள் ராக்கெட் செய்ய வெடிமருந்து உரிமம் வேண்டும், தனிக் கிடங்கு வேண்டும், ஊரை விட்டு விலகிய நிலம் வேண்டும். ஹைட்ரசீனுக்கு விஷக் கவசமும் பயிற்சி பெற்ற படையும் வேண்டும். இவற்றையெல்லாம் அரசோ பெருநிறுவனமோதான் கட்ட முடியும். எரிபொருள் பாலித்தீன் ஆனால் ஒரு காந்தப் பட்டறை போதும். சாண மீத்தேன் ஆனால் பண்ணைகள் போதும். சென்னையில் பிறந்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியதும் விமான எரிபொருளும் திரவ ஆக்சிஜனும் கொண்டுதான். எதை எரிப்பது என்று முடிவு செய்யும்போதே அந்தத் தொழிலுக்குள் யார் வரலாம், அவருக்கு எவ்வளவு கடன் தேவை, அதை ஒரு மாவட்ட வங்கியால் கொடுக்க முடியுமா என்பதெல்லாம் சேர்ந்து முடிவாகிவிடுகிறது. எரிபொருளை ஆராய்கிறவர்கள் உந்துவிசையையும் வெப்பத்தையும் பேசுகிறார்கள். இந்தக் கணக்கையும் அவர்கள் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாங்கள் போன அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். தாங்களே காகிதத்தில் ஒட்டிச் செய்த சின்ன ராக்கெட்டுகளை முற்றத்தில் ஏவிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் பிள்ளை பொத்தானை அழுத்தப் பயந்து இரண்டு முறை கையை எடுத்துக்கொண்டாள். அழுத்தியதும் அது போன வேகத்தில் அவள் தலை தூக்குவதற்குள் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

திரும்பும் வழியில் தம்பி கேட்டார்: "இந்த உவெமாத்சு உங்க மேசைக்கு வந்து நின்னா, கடன் குடுத்திருப்பீங்களா சார்?"

"காந்தத்துக்கு அன்னைக்கே சாங்ஷன்" என்றேன். "ஆர்டர் புத்தகம் கையில, எந்திரம் கண் முன்னால. ராக்கெட்டுக்குக் கடன் கேட்டா கிடையாது. ஆனா காந்தத்துல வர்ற லாபத்துல எவ்வளவு ராக்கெட்டுக்குப் போகுதுன்னு கேட்பேன். அந்தத் தொகையைத் தள்ளிவச்சிட்டும் தவணை கட்ட வருமானத்துல இடம் இருக்கான்னு பார்ப்பேன். இருந்தா, 'ராக்கெட்டை நிறுத்து'ன்னு கடன் நிபந்தனையில ஒரு வரிகூட எழுதமாட்டேன்."

"அந்த வரியை எழுதுவாங்களா?"

"முதல் நிபந்தனையே அதுதான் தம்பி."